மனு எடுக்காமல் விட்ட வெள்ளி

ஒக். 6, திங்கள். போயா

மனு,

விடியவே மழை. கொடியில் போட்டது ஒன்றும் காயவில்லை. போயா, பௌர்ணமி லீவு என்றபடியால் கீழே கடைகள் பூட்டு. ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. தீபாவளிக்குத் தைக்க வந்த பிளவுஸ் துணி மெஷினுக்குப் பக்கத்தில் மூட்டையாக. இன்றைக்கு வெட்டியது: டீச்சரின் பச்சைப் பட்டு, நகைக்கடைப் பிள்ளையின் மஞ்சள், அவளுடைய தாயின் மெரூன். ஹுக் முடிந்துவிட்டது. கறுப்பு நூலும்.

எழுதாமல் விடுவம் என்றுதான் இருந்தேன். குளிக்கும்போது கையில் பட்டது. தழும்பின் ஓரத்தில், கமக்கட்டுப் பக்கமாக. முடிச்சு. நூல் நுனியில் போடுகிற முடிச்சை விடப் பெரிது, கடலையை விடச் சின்னது. நேற்று இருந்ததா? முந்தநாள்? சவர்க்காரம் போட்டுத் தடவிப் பார்த்தேன். துடைத்துவிட்டு, பவுடர் போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கி, இறக்கி. இருக்கிறது.

வெட்டி எடுத்தாயிற்று. மருந்து ஏற்றியாயிற்று. கதிர் அடிக்கிற கரண்ட் பிடித்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டு அனுப்பினார்கள். இனி நாளுக்கு ஒரு குளிசை மட்டும்தான். ஆனால் மனு, அங்கே போய்வந்த நாட்களில் எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை. தினமும் யாராவது என்னைப் பார்த்தார்கள். இப்போது பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான்.

சொல்லுவம் என்று கட்டில் பக்கம் திரும்பினேன். உங்கள் பக்கத்தில் அளவு நாடாவும் கத்தரிக்கோலும். கரண்ட் பிடித்து முடிகிற கிழமையில்தான் நீங்கள் போனீர்கள். ஹார்ட் அட்டாக். என் தோல் கருகி உரிந்துகொண்டிருந்தது, சட்டை போட ஏலாது. உங்களுடைய பழைய பனியன் ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டுதான் மாதம்பிட்டி மயானத்துக்கு உங்களைக் கொண்டுபோய் வைத்தேன்.

பின்னேரம் பேக்கரி திறந்ததும் பாணுக்கு இறங்கி ஏறினேன். லிஃப்ட் இன்னும் திருத்தவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறேன், நீங்கள் பழக்கினபடி. "இரு பிலோ, மூச்சு வாங்கு." கைபிடியில் சாய்ந்துகொண்டு, என் மூச்சு சரியாகும்வரை காத்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஷாமிக்குச் சொல்லவில்லை, பிள்ளை பயந்துவிடும். வியாழக்கிழமை கிளினிக்.

ஒக். 7, செவ்வாய்

அந்தோனியார் நவநாள். சனம் ரோடு வரைக்கும். மேல் மாடி மெர்சி அக்காவும் நானும் போனோம். திரும்பி வருகிற வழியில், மெழுகுதிரிக்காரியிடம் மிச்சக் காசுக்கு நின்றுகொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரிக் கேட்கிறா.

"பிலோ, மனு தம்பி நேத்தி வச்சிருந்ததெல்லோ. அதக் குடுத்தாச்சா?"

"என்ன நேத்தி?"

"உனக்குத் தெரியாதா! நீ கரண்ட் பிடிக்கப் போய்வந்த நாளையில, இந்த வாசல்லதான் கண்டனான். ஒரு நேத்தி இருக்கக்கா, கெதியாக் குடுக்கோணும் எண்டு சொன்னவர்."

"என்ன நேத்தி எண்டு கேக்கலயா?"

"அதக் கேப்பாங்களா பிள்ள? வாய்விட்டுச் சொன்னாப் பலிக்காதே. உனக்காகத்தான் வச்சிருப்பார், வேற யாருக்கு?"

குடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. மெர்சி அக்காவின் மைத்துனருக்குக் கால் சுகமானால் ஆளுயர மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்த்தியாம். சுகமானதும் மறந்துவிட்டாராம். குளியலறையில் வழுக்கினாராம்.

"அதே கால், பிலோ! மற்றக் காலில்ல. அதே கால்!"

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதே பக்கம்.

மனு, என்ன நேர்ந்தீர்கள்? மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாகவா? தலவிலைக் கோயிலில் சாப்பாடு குடுப்பதாகவா? ஒரு சொல் சொல்லி வைத்திருக்கக்கூடாதா. கரண்ட் பில் எங்கே, தண்ணி பில் எங்கே என்று எல்லாம் சொல்லிவைக்கிற மனிதன்.

ஒக். 9, வியாழன்

கிளினிக். விடிய முதல் பஸ். மழை இல்லை, புழுக்கம்.

உட்காருகிற வாங்கில் பரீதா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். தூரத்தில் இருந்து வருகிறவள், எனக்குக் கரண்ட் பிடித்த அதே நாட்களில் பிடித்தவள். பிராவுக்குள் வைக்க நான் தைத்த பை அவளிடமும் ஒன்று இருக்கிறது. உள்ளே கடுகு. பஞ்சு வைத்தால் கனம் வராது, தோள் ஒரு பக்கம் ஏறி நிற்கும். கடுகு என்றால் பாரம் சரியாக விழும்.

"அக்கா, நீங்க தச்சது நல்லம்தான். ஆனா நேத்து மழக்கி நனஞ்சு போச்சு. மொளச்சிருமோ எண்டு பயந்துக்கிட்டு ஈக்கிறன்."

"முளைச்சா கீரை. சுண்டலாம்."

"எங்க வீட்டு மனிசன் திம்பாரு. அவருக்கு என்னத்தப் போட்டாலும் வெளங்காது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். என் நம்பர் கூப்பிட்டதும் பரீதா சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். முடிச்சைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது அவளுக்கு.

டொக்டர் புதுப் பிள்ளை. ஷாமியை விட வயது குறைவாக இருக்கும். விரல் நுனியால் முடிச்சை உருட்டி உருட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த முகத்தை எங்கே படிப்பிக்கிறார்களோ. ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கவேண்டுமாம். "பய வென்ன எபா அம்மே" என்றாள் நர்ஸ். பயப்படவேண்டாமாம். பயப்படவேண்டாம் என்று எனக்குச் சொன்ன ஆட்கள் எல்லாரும் கையில் ஊசி பிடித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

உடனேயே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வியாழன் முடிவு.

வாசலில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். ஒக்டோபர் இந்த நோய்க்கான மாதமாம். எனக்கும் ஒரு ரோஸ் ரிப்பன் குத்திவிட்டு, "அன்ரி, நீங்களும் செக் பண்ணிக்கொள்ளுங்கோ" என்றார்கள். ஓம் பிள்ளைகள், செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரிப்பனை ஊசி குத்தும் மெத்தையில் குத்திவைத்திருக்கிறேன்.

ஒக். 11, சனி

டீச்சரின் பச்சை முடிந்தது. கை இறுக்கம், பிரித்துத் தைக்கவேண்டும்.

மத்தியானம் வெள்ளவத்தையில் இருந்து ஷாமி. இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, என்ன கமக்கட்டுல பிளாஸ்டர்?"

"வெட்டினது."

"பிளவுஸ் வெட்டக்க கமக்கட்டையா வெட்டினீங்க?"

சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லம். இடியப்பத்தைத் தட்டில் நூல் நூலாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்களோட வந்து இருங்களன். அங்க லிஃப்ட் வேல செய்யும்."

"வெள்ளவத்தையில எனக்கு யாரத் தெரியும்? யாருக்குத் தைக்கிற?"

"ஏன், வெள்ளவத்தைப் பொம்பிளயளுக்கு உடம்பு இல்லயா?"

பிறகு நேர்த்திக் கதையையும் சொன்னேன். அதற்குத்தான் கோபம் வந்தது.

"அந்தோனியார் என்ன, லீசிங் கொம்பனியா? கட்டாட்டி வீட்ட வந்து தூக்கிக்கொண்டு போக?"

எனக்கே சிரிப்பு. அவளுக்கும். உங்கள் வாய் அப்படியே.

பீங்கான் கழுவும்போது, முகத்தைத் திருப்பாமல்: "அப்பா ஏன் எனக்கும் சொல்லல?"

தண்ணியைத் திறந்தபடியே விட்டிருந்தாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒக். 12, ஞாயிறு

எந்த நேர்த்தி என்று தெரியாது. எல்லாவற்றையும் செய்து பார்ப்போம் என்று முடிவு.

செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்தேன்.
வாசலில் இருந்தவர்களுக்குப் பாண் வாங்கிக் குடுத்தேன்.
என் உயரத்துக்கு மெழுகுதிரி கேட்டேன். இல்லையாம். சின்னதுகளை வரிசையாக வைத்துக் கொளுத்தினேன்.
மாதாவுக்கு மல்லிகை மாலை.
இன்றில் இருந்து இறைச்சி இல்லை.

வருகிற வழியில் உடைந்த சோடாப் போத்தல். குதிக்காலில் வெட்டு. மெர்சி அக்கா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் சொல்கிறா, "இப்பிடி எல்லாத்தையும் குடுத்தா சாமி குழம்பிரும் பிள்ள. எதுக்கு எது எண்டு தெரியவேணாமா?"

அது சரிதான். அளவு தெரியாமல் தைத்தால் துணிதான் பாழ்.

படுத்தாலும் எழும்பினாலும் விரல் அங்கேதான் போகிறது. ஊசி குத்தின இடம் நோகிறது. அது ஊசியின் நோவா, மற்றதா?

ஒக். 14, செவ்வாய்

மத்தியானத்துக்குப் பிறகு இடி. கரண்ட் போய் வந்தது.

மெர்சி அக்கா விடியவே கதவைத் தட்டி, நைற்றியோடு: "பிலோ! வெள்ளி! வெள்ளிச் சாமான் செய்யிற எண்டா செட்டியார் தெருவில எந்தக் கடை நல்லம் எண்டு மனு தம்பி கேட்டவர்!"

"இத அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே."

"வயசு போச்சு. பல்லுத் தீட்டக்க வந்த ஞாபகம், வாய் கழுவாம ஓடியாறன்."

ஹுக் வாங்கவும் வேண்டும்தானே. போனேன். செட்டியார் தெருவில் கால் வைக்க இடமில்லை, தீபாவளிச் சனம். போனில் உங்கள் படத்தைத் திறந்து கடை கடையாகக் காட்டினேன், தொப்பி போட்டுத் துறைமுகத்து கேற்றில் நிற்கிற படம். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளில் பிள்ளைகள் பார்க்காமலேயே "இல்ல அன்ரி" என்றார்கள். என்னவென்று நினைத்தார்களோ. புருஷன் ஓடிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கடைசியில் ஒரு ஒழுங்கைக்குள், படி ஏறிப் போகிற சின்னப் பட்டறை. வெள்ளி வேலை செய்கிற பத்தர் ஷாமியின் வயதுப் பெடியன். படத்தைப் பார்த்ததும்,

"தொப்பி ஐயா! எவ்வளவு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்! சாமான் செய்து கிடக்கு, ஆளக் காணேல்ல."

"அவர் இல்ல தம்பி."

"எங்க, வெளிநாடா?"

சொன்னேன். அவன் கையில் இருந்த குறடைக் கீழே வைத்தான். மேசை லாச்சிக்குள் இருந்து ரோஸ் பேப்பர் பொட்டலம் ஒன்று. காசெல்லாம் நீங்கள் அன்றே குடுத்துவிட்டீர்களாம். நேர்த்திச் சாமான் தட்டில் இருந்தது மெல்லிசு, கொஞ்சம் கனமாக அடித்துத் தா என்று சொன்னீர்களாம். அடுத்த கிழமை வருகிறேன் என்று போனீர்களாம்.

திறந்தேன். வெள்ளி இருதயம். என் உள்ளங்கை அளவு. சீட்டுக்கட்டில் சிவப்பாக ஆட்டின் வருமே, அந்த வடிவம்.

மேலே ஒன்றும் கதைக்க முடியவில்லை, பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஹுக் வாங்க மறந்துவிட்டேன்.

மெர்சி அக்கா பார்த்துவிட்டு வாயில் கை வைத்தா. "இருதயமா? உனக்கு இருதயத்துல ஒண்டுமில்லையே." பிறகு எழும்பிப் போய்விட்டா. அவ நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். எழுத மாட்டேன்.

ஒக். 15, புதன்

எழுதுகிறேன். எழுதாவிட்டால் அது போகாது.

நினைத்தது இதுதான்: இருதயத்தை நேர்ந்தீர்கள். அந்தோனியார் இருதயத்தையே எடுத்துக்கொண்டார்.

நேற்று இரவு முழுக்க அப்படியே இருந்தேன். மெஷினில் உட்கார்ந்து, மெரூன் பிளவுஸின் முன்பக்கத்தைப் பின்பக்கத்தோடு மாறித் தைத்து, பிரித்து, திரும்பவும் மாறித் தைத்து. இன்றைக்கு அந்த மெரூனுக்கு, மார்பு எழும்ப டாட் பிடிக்கும்போதுதான் பட்டென்று விளங்கியது.

நீங்கள் வெட்கப்பட்டீர்கள்!

என் நோயின் பெயரை நீங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. உங்கள் தங்கச்சிக்கு, "பிலோவுக்கு ஒரு சின்ன ஒப்பரேசன்." வேலையிடத்தில், "வீட்டில சுகமில்ல." வார்ட்டில் எந்தப் பக்கம் என்று நர்ஸ் கேட்டபோது வாயைத் திறக்காமல் உங்கள் சேட்டுப் பொக்கற்றைத் தொட்டுக் காட்டினீர்கள். அவள் பேனை கேட்கிறீர்கள் என்று பேனையைத் தந்தாள். நான் கட்டிலில் கிடந்து சிரித்தேன், நினைவிருக்கா?

அந்தத் தட்டில் கை இருக்கும், கால் இருக்கும், கண் இருக்கும், பிள்ளை கேட்டு நேர்கிறவர்களுக்குத் தொட்டில் இருக்கும். முலை இருக்காது. யாரும் செய்வதில்லை. கேட்க உங்களுக்கு வாய் வந்திருக்குமா? பார்த்துப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருக்கிறதைத் தூக்கியிருப்பீர்கள்.

தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு மெஷினில் தலையை வைத்துக்கொண்டு கனநேரம்.

சரி. குழப்பத்தை நான் தீர்க்கிறேன். பிரவுன் பேப்பரில் வட்டம் வெட்டினேன். ஓரத்தில் இருந்து நடுவுக்கு ஒரு வெட்டு. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி டாட் பிடித்தால் தட்டையான பேப்பர் எழும்பி நிற்கும். எத்தனை பெண்களுக்குத் தைத்திருக்கிறேன். எடுத்ததின் அளவு எனக்குத் தெரியும். மற்றப் பக்கம் இருக்கிறதுதானே.

ஒக். 16, வியாழன்

இல்லையாம்.

கொழுப்பு இறுகிக் கட்டியானதாம். வெட்டின இடத்தில் அப்படி வருமாம். ஊசியில் எடுத்ததில் கெட்டது ஒன்றுமில்லை. டொக்டர்ப் பிள்ளை இன்றைக்குச் சிரித்தாள். அந்த முகத்தில் சிரிப்பும் இருக்கிறது. ஆறு மாதத்தால் திரும்பவும் வரவேண்டும். அதற்கிடையில் பெருத்தால் உடனே. வேறு இடத்தில் வந்தால் உடனே. முதுகு நொந்தால், இருமல் நிற்காவிட்டால் உடனே.

"அப்ப சுகமாயிட்டுதா மிஸ்?"

"இப்போதைக்கு ஒன்றும் இல்லை அம்மா."

இப்போதைக்கு.

வெளியே வந்து போனை எடுத்து, உங்கள் நம்பரை அழுத்திவிட்டேன். கை பழகினபடி. அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று மூன்று பாஷையிலும் சொன்னாள். முழுக்கக் கேட்டேன்.

பிறகு ஷாமிக்கு எடுத்தேன். அவள் ஒபிஸில் இருந்தே அழுதாள். பஸ் ஸ்டாண்டில் இறால் வடை ஒன்று வாங்கித் தின்றேன். இறைச்சிதானே இல்லை என்றேன், இறால் இல்லை.

ஒக். 17, வெள்ளி

சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முடிச்சு அங்கேயேதான். கெட்டதில்லை என்று தெரிந்தும் விரல் போகிறது. மத்தியானம் முதுகு நொந்தது. மெஷினில் குனிந்து இருந்ததா, மற்றதா? முந்தி நோவு என்றால் நோவு. இப்போது ஒவ்வொரு நோவையும் நிறுத்தி விசாரிக்கிறேன்.

மிச்சம்: ஊதா இரண்டு, மஞ்சளுக்கு லைனிங், டீச்சரின் பச்சைக்குக் கை.

ஒக். 19, ஞாயிறு

பூசை முடிந்து ஷாமி வந்தாள். பேப்பர்க் கிண்ணத்தை மேசையில் கண்டு, தலையில் தொப்பி மாதிரி வைத்துப் பார்த்தாள். என்னவென்று சொன்னதும் உடனே இறக்கிவிட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கோயில்ல இத எங்க தொங்க விடுவாங்க? ஃபாதர் பாத்தா மயங்கி விழுவார்."

"கையும் காலும் தொங்குதுதானே. இதுவும் உடம்புதான். அப்பாட இருதயத்த உருக்கி இதச் செய்விப்பம்."

போகும்போது கைப்பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தாள். சின்ன வயதில் நீங்கள் வாங்கிக் குடுத்த வெள்ளிக் கொலுசு. மணி எல்லாம் விழுந்துபோனது.

"அப்பாட இருதயத்த உருக்கவேணாம். இதக் குடுங்க."

லீசிங் கொம்பனி என்று சொன்ன பிள்ளை.

ஒக். 20, திங்கள். தீபாவளி

விடியற்காலையில் இருந்து வெடி. எல்லாத் துணியும் சனிக்கிழமையே குடுத்தாயிற்று. டீச்சர் பச்சைப் பட்டோடு வந்து, சுற்றிக் காட்டி, முறுக்கும் தொதலும் தந்துவிட்டுப் போனா. கை சரியாக இருக்கிறது. முதுகு நோவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஒக். 22, புதன்

பட்டறைக்குப் போனேன். கொலுசையும் பேப்பர்க் கிண்ணத்தையும் வைத்தேன். பத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"குங்குமச் சிமிழாக்கா?"

"இல்ல. நேத்திக்கு. எனக்கு ஒப்பரேசன் செய்தது இதுல."

காது சிவந்து, நிலத்தைப் பார்த்து, "நான் இது செய்ததில்லக்கா" என்றான். உள்ளே இருந்து பெண்சாதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பேப்பரை அவனிடமிருந்து பறித்துப் பார்த்தாள்.

"இதில என்ன வெக்கம்? இது இல்லாமலா உங்கட பிள்ள வளருது? அக்கா, சனிக்கிழம வாங்க. நான் நிண்டு செய்விக்கிறன்."

மனு, உங்களுக்கும் அன்றைக்கு இவள் இருந்திருக்கவேண்டும்.

ஒக். 25, சனி

மழை. குடை பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள்.

நல்லாகச் செய்திருக்கிறான். டாட் பிடித்த கோடு கூடத் தெரிகிறது. கையில் வைத்தால் பாரம் சரியாக விழுகிறது. பெண்சாதி சிவப்புத் துணியில் சுற்றித் தந்தாள். நான் சிரித்துக்கொண்டே, "அவர் வெக்கத்துலதான் இருதயத்த எடுத்திட்டார் தம்பி, கேக்கத் தெரியாம" என்றேன்.

பத்தர் சிரிக்கவில்லை.

"அப்பிடியாக்கா? நான் அவருக்கே எண்டெல்லோ நினைச்சனான்."

"ஏன்?"

"அண்டைக்கு ஐயா உடன உள்ள வரேல்ல. இந்தப் படியில கனநேரம் இருந்திட்டுத்தான் வந்தவர். சேட்டு நனைஞ்சு போச்சு. மழையுமில்ல. ஒரு போத்தல் தண்ணி முழுக்கக் குடிச்சவர். என்ன ஐயா சுகமில்லையா எண்டு கேட்டன். இப்பிடி வச்சுக்கொண்டு சும்மா சிரிச்சார்." அவன் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினான். "பிறகுதான் தட்டில இத எடுத்தவர். வீட்டில தெரியவேணாம் எண்டும் சொன்னவர்."

"அத ஏன் இப்ப சொல்லுறீங்க?" என்று பெண்சாதி அவனை முறைத்தாள். குழந்தை அழுதது. நான் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒக். 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

சேட்டுப் பொக்கற்றைத் தொட்டுக் காட்டுகிற பழக்கம்தான். வெட்கம்தான். புழுக்க நாள், படி ஏறினால் யாருக்கும் வேர்க்கும். பத்தர் சின்னப் பெடியன், அவனுக்கு என்ன தெரியும்.

அந்த நாட்களில் நீங்கள் சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டீர்கள். எனக்கு வாய் கசக்கிறபடியால் நீங்களும் சாப்பிடவில்லை என்று நினைத்தேன். இடது தோளை உருட்டிக்கொண்டிருப்பீர்கள். என்னைப் பஸ்ஸில் தாங்கிப் பிடித்து வந்த நோவு என்று நினைத்தேன். எல்லாம் எனக்காக என்றே நினைத்தேன்.

ஒக். 28, செவ்வாய்

வெயில். கன நாளைக்குப் பிறகு துணி காய்ந்தது.

நவநாளுக்குப் போனேன், செருப்புப் போட்டுக்கொண்டு. சிவப்புத் துணியைப் பிரித்து, கையும் காலும் கண்ணும் கிடக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் என்னுடையதைப் போட்டேன். பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா எட்டிப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தன் நெஞ்சில் சிலுவை போட்டா. ஒன்றும் கேட்கவில்லை. என் பங்கு முடிந்தது. இப்போதைக்கு.

உங்களுடையதைக் குடுக்கவில்லை. பெட்டி வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பவும் பைக்குள் வைத்தேன். எனக்காக வைத்த நேர்த்தி என்றால் அது தீர்ந்தது. உங்களுக்காக வைத்தது என்றால் இனி யாருக்குக் குடுக்க? பைக்குள் நடக்க நடக்க இடுப்பில் தட்டிக்கொண்டே வந்தது. கனமாகத்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

பாண், சீனி, கறுப்பு நூல், எல்லாம் இரண்டு கையிலும். யோசித்துக்கொண்டே ஏறினேன். கதவுக்கு முன்னால் வந்து திறப்பை எடுக்கும்போதுதான் தெரிந்தது, வழியில் ஒரு மாடியிலும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. மருந்து உடம்பு, பாரம் வேறு. வாங்கவில்லை.

திரும்ப இறங்கினேன். இரண்டாம் மாடி. நீங்கள் சாய்ந்து நிற்கிற இடத்தில் கைபிடியின் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. கையை வைத்துப் பார்த்தேன்.

மனு, இதில் நாங்கள் நின்று நின்று ஏறினது யாருக்காக?